போனின் தலையெழுத்து: வாசகர் கேள்வி பதில்

போன் திரையின் உச்சியில் வரிசையாக நிற்கும் குட்டிப் படங்களில் எது புரியவில்லை, எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'தப்பாக நினைக்காதீர்கள்' என்றுதான் தொடங்கின. இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? இந்தப் படங்களை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. போன் பெட்டிக்குள் வரும் காகிதத்திலும் பெரும்பாலும் இருப்பதில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 21 வருடமாகப் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அதே இடத்தில் அப்பாவின் எஸ்டிடி பூத் இருந்தது. சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைக்கு 'ரிப்பேர்' என்று வரும் போன்களில் தினமும் இரண்டு மூன்று, ரிப்பேரே இல்லாதவை. மேல் வரியில் ஏதோ ஒரு படம் வந்து உட்கார்ந்திருக்கும். அதை அணைத்தால் வேலை முடிந்தது. அதற்குக் காசு வாங்க எனக்கு மனம் வருவதில்லை. வாங்குகிற கடைகளும் இருக்கின்றன, அது எனக்கு வருத்தம்தான்.

பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. எந்தப் படம் புரியவில்லை என்றாலும் முதலில் விரலைத் திரையின் மேல் விளிம்பில் வைத்துக் கீழே இழுங்கள், பிறகு இன்னொரு முறை இழுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் பட்டன்கள் நிறைந்த ஒரு பலகை வரும். ஐபோனில், புதிய மாடல்களில், வலது மேல் மூலையிலிருந்து இழுக்க வேண்டும். மேல் வரியில் பார்த்த அதே படம் இந்தப் பலகையில் பெரிதாக இருக்கும், பெரும்பாலான போன்களில் கீழே பெயரும் இருக்கும். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தால் பெயரும் தமிழில் வரும். எரிகிற பட்டனைத் தொட்டால் அணையும், மறுபடி தொட்டால் எரியும். அங்கே தொட்டுப் பார்ப்பதால் போன் கெட்டுப்போகாது. பயப்பட வேண்டாம்.

சரி, கடிதங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்:

"என் போன் நான்கு நாளாக அடிக்கவில்லை. பேரன்கள் விளையாடிவிட்டுக் கொடுத்ததிலிருந்து இப்படி. மணி ஒலியை முழுதாக வைத்தும் பயனில்லை. துபாயிலிருக்கும் மகன் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து விசாரித்தான். மேலே பிறை நிலா போல ஒரு படம் இருக்கிறது. அது இரவு நேரத்தைக் காட்டுகிறது என்று நினைத்தேன்."

டீச்சர், அந்தப் பிறைதான் காரணம். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற நிலையின் அடையாளம் அது. ஐபோனிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் பிறையாக வரும், வேறு பல போன்களில் வட்டத்துக்குள் ஒரு சிறு கோடாக வரும், சாலையில் 'உள்ளே வராதே' பலகை இருக்குமே, அதைப் போல. இந்த நிலையில் அழைப்பு வரும், ஆனால் ஒலிக்காது. நீங்கள் எடுத்துப் பார்க்கும்போது 'தவறிய அழைப்பு' என்று மட்டும் இருக்கும். மணி ஒலியை எவ்வளவு ஏற்றினாலும் பிறை இருக்கும்வரை பயனில்லை, இரண்டும் வேறு வேறு பூட்டுகள். மேலே சொன்ன பலகையைத் திறந்து பிறையைத் தொடுங்கள், முடிந்தது.

ஆனால் இதோடு விட்டால் உங்களுக்கு மறுபடியும் வரலாம். இந்த நிலைக்கு நேரம் குறித்து வைக்கும் வசதி உண்டு. இரவு 10 மணிக்குத் தானாகத் தொடங்கி, காலை 7 மணிக்குத் தானாக விலகும்படி யாரோ வைத்திருந்தால், பிறை ராத்திரிதோறும் வரும். செட்டிங்ஸில் அதே பெயரைத் தேடி, 'அட்டவணை' என்ற இடத்தில் எதுவும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வசதியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மதியத் தூக்கத்தில் கடன் வேண்டுமா என்று கேட்டு எழுப்புகிறவர்களிடமிருந்து அது காப்பாற்றும். விதிவிலக்கு என்று ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. மகனின் எண்ணைப் பெயர்ப் பட்டியலில் நட்சத்திரம் போட்டு வைத்து, நட்சத்திரக்காரர்கள் மட்டும் அழைக்கலாம் என்று அனுமதி கொடுங்கள். 'திரும்பத் திரும்ப அழைப்பவர்' என்பதையும் ஏற்றி வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் போன் ஒலித்துவிடும். மகனிடமும் சொல்லி வையுங்கள்: 'எடுக்கவில்லை என்றால் உடனே இன்னொரு தரம் அடி.'

மணி படத்தின் குறுக்கே கோடு இருந்தால் அது வெறும் சைலன்ட். போன் நடுங்குவதுபோல் இரு பக்கமும் கோடு இருந்தால் அதிர்வு மட்டும். விமானப் படம் இருந்தால் சிம்மின் வேலையே நின்றுவிட்டது என்று அர்த்தம், யாரும் உங்களை அழைக்கவே முடியாது. இந்த நான்கையும் ஒரு தாளில் வரைந்து போன் வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள் டீச்சர். கரும்பலகையில் படம் போட்டுப் பழகிய கை உங்களுடையது.

தேவனாம்பட்டினத்திலிருந்து பைபர் படகில் தொழில் செய்யும் தம்பி:

"அக்கா, இரண்டு சந்தேகம். கடலில் கொஞ்ச தூரம் போனதும் கம்பி இரண்டு மூன்று காட்டுது, ஆனா கால் போக மாட்டேங்குது. காட்டுற கம்பி பொய்யா? அப்புறம், டவர் சுத்தமா போன பிறகும் மேப்பில் நாங்க இருக்கிற இடம் சரியா காட்டுது. அது எப்படி?"

கம்பி பொய் சொல்லவில்லை தம்பி, பாதியைத்தான் சொல்கிறது. டவரின் குரல் உன் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது மட்டும்தான் கம்பி. உன் போனின் குரல் டவருக்குக் கேட்கிறதா என்பதை அது காட்டாது. டவர் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. 4ஜியில் உன் போன் திருப்பிப் பேசும் அதிகபட்ச ஆற்றல் சுமார் 0.2 வாட். கரையில் நின்று ஒலிபெருக்கியில் ஒருவர் கூப்பிடுகிறார், நீ போட்டிலிருந்து வெறும் வாயால் பதில் சொல்கிறாய். அவர் சொல்வது உனக்குக் கேட்கும், நீ சொல்வது அவருக்குக் கேட்காது. தண்ணீர் மேல் மரம் மட்டை, கட்டடம் எதுவும் இல்லாததால் டவரின் குரல் நன்றாகவே வந்து சேரும். அதனால்தான் கடலில் இந்தக் குழப்பம் அதிகம்.

அதற்கும் எல்லை உண்டு. 40 மீட்டர் உயரமுள்ள டவருக்கும் போட்டில் நிற்பவர் கையிலிருக்கும் போனுக்கும் நடுவே, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டியதும் பூமியின் வளைவே வந்து மறைத்துவிடும். பழைய 2ஜிக்கு வேறொரு எல்லையும் இருந்தது: டவருக்கும் போனுக்கும் இடையே அலை போய்வரும் நேரத்தைக் கணக்கு வைத்து வேலை செய்வதால், சாதாரண அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் இருந்தாலும் பேச முடியாது.

கரையிலேயே கம்பி நிறைய இருந்தும் கால் போகாத நாள் உண்டு. மாசி மகத்தன்று உங்கள் ஊர்க் கடற்கரையில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும்போது போனை எடுத்துப் பார். கம்பி முழுசாக இருக்கும், கால் போகாது, படம் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு டவரில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம். பஸ் வந்து நிற்பது தெரிகிறது, ஏற இடமில்லை. கம்பி பஸ் வந்ததை மட்டும் சொல்லும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதற்காகவே போனை மாற்றுகிறார்கள். எத்தனை பலத்துக்கு எத்தனை கம்பி என்று உலகப் பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தானே முடிவு செய்கிறது. 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே, தன் போன்கள் கம்பிகளைக் கணக்கிடும் முறை தவறு, பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கம்பி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அதனால் உன் நண்பன் போனில் நான்கு, உன்னுடையதில் இரண்டு என்பதை வைத்து உன் போன் மட்டம் என்று முடிவுகட்டாதே.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். மேப் வேலை செய்யும்போது மேலே தலைகீழ்த் துளி போல ஒரு படம் வரும், அது இடக்குறி. அதற்கு டவர் தேவையில்லை, சிம்மே தேவையில்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அவற்றில் குறைந்தது நான்கைக் கேட்டால் போதும், எந்தெந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதில் போன் கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. ஆனால் நீ இருக்கும் இடம் உனக்குத் தெரிவது வேறு, கரைக்குத் தெரிவது வேறு. டவர் இல்லாமல் உன் போன் அதை யாருக்கும் சொல்லாது. 'மேப்பில் தெரிகிறதே, தேடி வருவார்கள்' என்று நம்பி வயர்லெஸ் செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே. கரையிலிருக்கும்போதே மேப்பை இறக்கி வைத்துக்கொள், இல்லாவிட்டால் நடுக்கடலில் வெறும் நீலத்தின் மேல் ஒரு புள்ளிதான் தெரியும். டேட்டா இல்லாத இடத்தில் முதல் முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம், பொறுமையாக இரு. சிக்னல் இருக்கும்போது கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருங்கள்.

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடொன்றில் வாடகைக்கு இருக்கும் கல்லூரி மாணவி:

"மேடம், 5ஜி என்று காட்டும், கால் வந்தால் 4ஜி ஆகிவிடும். அறைக்குள் சில சமயம் ஈ என்று வரும், அப்போது பணம் அனுப்பினால் நடுவில் நிற்கும். கடலூரிலிருந்து எல்லை தாண்டி இங்கே வந்தால் ரோமிங் ஆகாதா? ஆர் என்ற எழுத்தை நான் பார்த்ததே இல்லை."

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதியாக இருக்கலாம், ஆனால் தொலைத்தொடர்புக் கணக்கில் அது தமிழ்நாடு வட்டத்துக்குள்தான். ரெட்டிச்சாவடி தாண்டினால் பஸ் டிக்கெட்டும் பெட்ரோல் விலையும் மாறும், போனுக்கு எல்லை கிடையாது. நீ ஆர் எழுத்தைப் பார்க்க பெங்களூருக்குப் போக வேண்டும்.

எழுத்துகள் எல்லாம் நீ ஏறியிருக்கும் வண்டியின் பெயர்கள். ஜி, ஈ இரண்டும் 2ஜி காலத்தவை. எச், எச் கூட்டல் 3ஜி, இப்போது அபூர்வமாகத்தான் கண்ணில் படும். அதற்கு மேல் 4ஜி, சில போன்களில் எல்டிஇ என்று வரும். 5ஜி நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. பல இடங்களில் 5ஜி டேட்டாவுக்கு மட்டும் பயன்படுகிறது, பேச்சு 4ஜி வழியாகவே போகிறது. அதனால் கால் வந்ததும் போன் இறங்கிக்கொள்கிறது. கோளாறு இல்லை, பேசி முடித்ததும் ஏறிவிடும்.

ஈ வந்தால் பணம் அனுப்பாதே. இது என் உறுதியான அபிப்பிராயம். நடுவில் நின்றால் பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அனுப்பி, இரண்டு முறை போய்விட்டதென்று கண்ணீரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வந்து 4ஜி வரும்வரை நில். அப்படியும் பணம் நடுவில் நின்றுவிட்டால், வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி.

உன் வீட்டுச் சுவர்தான் பாதிக் காரணம். அந்தக் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றரை அடி கனம் இருக்கும், அலை உள்ளே நுழையத் திணறும். வீட்டில் வைஃபை இருந்தால் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்பதை ஏற்றி வை. மேலே போன் படமும் விசிறி போன்ற வைஃபை படமும் சேர்ந்து ஒன்றாக வரும். நம் நாட்டில் 2019 டிசம்பரில் தொடங்கிய வசதி இது. டவர் இல்லாத அறையிலும் வைஃபை வழியே சாதாரணக் கால் போகும், தனிக் கட்டணம் இல்லை. விசிறிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்தால் வீட்டு வைஃபைப் பெட்டி வரை இணைப்பு இருக்கிறது, அதற்கு மேல் இல்லை என்று அர்த்தம். போனைத் திட்டாமல் பெட்டியைப் பார். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே கேபிள் எங்கோ அறுந்திருக்கும். இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

பண்ருட்டி வாசகி ஒருவர், இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார்:

"வலது மூலையில் பச்சைப் புள்ளி வந்து வந்து போகிறது. யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். போனைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்."

அம்மா, துணியை எடுத்துவிடுங்கள். அந்தப் புள்ளி உங்கள் பக்கம் இருக்கும் காவல்காரன். ஏதோ ஓர் ஆப் அந்த நிமிடத்தில் கேமராவையோ மைக்கையோ பயன்படுத்துகிறது என்று போனே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் 2021இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு, இரண்டுக்கும் பச்சைதான். ஐபோனில் 2020இலிருந்து: பச்சை என்றால் கேமரா, ஆரஞ்சு என்றால் மைக் மட்டும். வீடியோ காலில் பேசும்போது, குரலில் தேடும்போது, க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது வந்தால் இயல்பு.

நீங்கள் ஒன்றும் செய்யாமல் போன் சும்மா இருக்கும்போது வந்தால் உடனே திரையை மேலிருந்து கீழே இழுத்து, பச்சையைத் தொடுங்கள். எந்த ஆப் என்று பெயர் வரும். டார்ச் ஆப், ஜாதக ஆப் என்று கேமராவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று வந்தால் யோசிக்காமல் நீக்குங்கள். கடன் தரும் ஆப் வந்தால் நீக்குவதோடு நிறுத்தாமல் என்னிடமோ நம்பகமான ஒருவரிடமோ போனைக் காட்டுங்கள். அது எவற்றுக்கெல்லாம் அனுமதி வாங்கியிருக்கிறது, கூடவே வேறெதையும் போட்டு வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், கம்பிகளுக்குப் பக்கத்தில் போன் படமும் அதிலிருந்து வெளியே போகும் அம்பும் சில நாளாக நிற்கிறது, வங்கியிலிருந்து வர வேண்டிய கால் எதுவும் வருவதில்லை, எதற்கும் கேட்டு வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்காமல் படித்த அன்றே போனில் கூப்பிட முயன்றேன். கால் வேறெங்கோ போனது. பிறகு பையனை வீட்டுக்கே அனுப்பினேன்.

ஐயா, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த அம்பு, உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடப்படுகின்றன என்று சொல்கிறது. நீங்களாகவே மகன் எண்ணுக்குத் திருப்பியிருந்தால் சரி. இல்லையென்றால், அண்மையில் கூரியர் பையன் என்றோ சிம் கம்பெனி என்றோ பேசிய யாராவது, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை அடிக்கச் சொன்னார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அவர் சொன்னபடி அடித்ததுமே உங்கள் கால்கள் அவர் போனுக்குப் போகத் தொடங்கும். பிறகு உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்து, ஓடிபியைக் குரல் அழைப்பில் சொல்லும்படி கேட்பார். அந்தக் கால் அவருக்கே போகும். அப்புறம் உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடம் அவசரமாகப் பணம் கேட்பார். இந்த மோசடிக்காகவே, இப்படி எண் அடித்துத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. இருந்தும் அந்தப் படத்தைப் பார்த்தால் அலட்சியம் வேண்டாம்.

போன் ஆப்பின் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' என்ற இடத்துக்குப் போய் 'எப்போதும்' என்பதை அணையுங்கள். அணையவில்லை என்றால் சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐ அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் பத்துக் கணக்கு தாண்டிப் போய்விடும்.

இதன் தம்பி மாதிரி இன்னொரு அடையாளம். வீட்டில் எல்லாருக்கும் சிக்னல் இருக்கிறது, உங்கள் போனில் மட்டும் கம்பிகளின் மேல் பெருக்கல் குறி, அல்லது 'அவசர அழைப்பு மட்டும்'. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டும் வரவில்லை. அப்படியானால் யாரோ உங்கள் பெயரில் மாற்றுச் சிம் வாங்கியிருக்கலாம். அன்றைக்கே அடையாள அட்டையோடு கம்பெனிக் கடைக்குப் போங்கள். போகிற வழியிலேயே வங்கிக்கும் போன் செய்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் ஐயாவுக்குப் பணம் எதுவும் போகவில்லை. வாட்ஸ்அப்பை மீட்டுக் கொடுத்துவிட்டோம்.

கடலூர் முதுநகர், துறைமுகம் பக்கமிருந்து:

"மின்னல் படம் வருது, ஆனா சார்ஜ் ஏறல. சில நாள் நீர்த்துளி படம் வந்து சார்ஜே எடுக்காது."

மின்னல் வந்தும் ஏறவில்லை என்றால், முதுநகர்ப் போன்களில் நான் முதலில் பார்ப்பது சார்ஜ் துளைதான். உப்புக் காற்று. ஊசிமுனை அளவு இருக்கும் அந்தப் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். மின்சாரம் உள்ளே வருகிறது என்று காட்டுமளவுக்கு வரும், பேட்டரியை நிரப்புமளவுக்கு வராது. குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள், பின் வளைந்துவிடும். சுத்தம் செய்ய ஐந்து நிமிட வேலை. சார்ஜர் கயிற்றையும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிறது.

நீர்த்துளி என்றால் துளைக்குள் ஈரம். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சார்ஜை மறுக்கிறது, வற்புறுத்தாதீர்கள். துளை கீழே பார்க்கும்படி சாய்த்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது வேண்டாம். அரிசி ஈரத்தைக் குடிப்பதைவிட அதன் தவிடும் தூளும் துளைக்குள் போய் அடைப்பதுதான் அதிகம். 2024இல் ஆப்பிளும் இதையே எழுதியது. கடல்நீரே உள்ளே போயிருந்தால் உடனே அணைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள். நல்ல தண்ணீரில் நனைந்த போன் இரண்டு நாள் தாங்கும். உப்புத் தண்ணீரில் நனைந்தது ஒரு ராத்திரி கூடத் தாங்காது.

பேட்டரிக்குள் கூட்டல் குறி வருகிறதே, அது என்ன என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். பேட்டரி சேமிப்பு நிலை. சில போன்களில் இலை, ஐபோனில் பேட்டரி மஞ்சளாகும். அது இருக்கும்போது வாட்ஸ்அப் செய்தி தாமதமாக வரலாம்.

புதுச்சேரி வைத்திக்குப்பத்திலிருந்து ஒருவர், முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறியும் பயங்கரச் சத்தமுமாக ஒரு நாள் தகவல் வந்தது, வைரஸோ என்று அந்த வசதியையே அணைத்துவிட்டேன், சரிதானா என்று கேட்கிறார்.

இல்லை ஐயா. தயவுசெய்து இன்றைக்கே மறுபடி ஏற்றி வையுங்கள். அது அரசின் அவசர எச்சரிக்கை. 2023இல் நாடு முழுக்கச் சோதனைத் தகவல்கள் அனுப்பினார்கள். சாதாரண எஸ்எம்எஸ் போல ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகாது, ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும். சைலன்டில் இருந்தாலும் பெரும்பாலும் ஒலிக்கும். செட்டிங்ஸில் 'அவசர எச்சரிக்கைகள்' என்று தேடினால் கிடைக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நாங்கள் டிவியையும் அக்கம்பக்கத்து வாய்ச்சொல்லையும்தான் நம்பியிருந்தோம். கரண்ட் போனதும் டிவியும் போனது. விடிந்து பார்த்தால் கடையின் தகரக் கூரையைக் காணோம், எல்லாப் போனிலும் கம்பி இருந்த இடத்தில் பெருக்கல் குறி. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்து, நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் கொடுத்தோம். அப்போது கற்ற ஒன்று: டவர் இல்லாத போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும். புயல் நாளில் கம்பியே இல்லை என்றால் விமானப் படத்தைப் போட்டு வையுங்கள், மணிக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இப்படிச் செய்து இரண்டு நாள் சார்ஜை வைத்திருந்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினாலும் கைவிட வேண்டாம். வேறு கம்பெனியின் டவர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அதன் வழியே 112 போகும்.

கடைசிக் கடிதம், பண்ருட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி:

"என் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. முந்திரி உடைக்கிற வேலை. மேலே இருக்கிற படங்களுக்கு அவங்களே பேர் வச்சிருக்காங்க. வைஃபை விசிறி, சிக்னல் படிக்கட்டு, ப்ளூடூத் முறுக்கின கயிறு. நான் சரியான பேரைச் சொல்லித் தரட்டுமா? அப்புறம், அவங்க கைரேகை போனுக்குப் பிடிக்கவே இல்லை."

வேண்டாம் கண்ணு, ஆயா வைத்த பேரே இருக்கட்டும். படம் போட்டதே எழுத்து தெரியாதவர்களுக்கும் புரியத்தான். முறுக்கின கயிறு என்று அவர்கள் சொல்வது, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பெயர், பட்டப்பெயர் இரண்டின் முதலெழுத்துகளை, அந்தக் காலத்து ரூன் எழுத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தது. ப்ளூடூத் என்பதே அவருடைய பட்டப்பெயர்தான். உனக்கு இது தெரிந்திருக்கட்டும். ஆயாவுக்குக் கயிறு போதும். நீ செய்ய வேண்டியது, ஒவ்வொரு பேருக்கும் ஒரு வேலையைச் சேர்த்துச் சொல்வது: 'படிக்கட்டு இல்லேன்னா கால் போகாது ஆயா, வெளியே வா', 'பிறை வந்தா போன் தூங்குது, தொட்டு எழுப்பு', 'பச்சைப் பொட்டு சும்மா வந்தா என்னைக் கூப்பிடு'. பிறையும் பொட்டும் அவர்கள் போனில் வரவழைத்துக் காட்டிச் சொல்லிக் கொடு, வெறும் வாயால் சொன்னால் நிற்காது.

கைரேகை விஷயம் போனின் தவறில்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டுப்பால் பட்டுப் பட்டு ஆயாவின் விரல் தோல் உரிந்து ரேகை மழுங்கியிருக்கும். அதிகம் படாத விரலாகப் பார்த்து, இடது கைச் சுண்டுவிரல் போல ஒன்றை, இரண்டு முறை பதிந்து பார். அதுவும் எடுக்கவில்லை என்றால் நான்கு இலக்க எண் வைத்துக் கொடு. பிறந்த வருடம் வேண்டாம், அவர்களுக்கு மறக்காத வேறு எண்ணாக இருக்கட்டும். எழுத்தையும் படத்தையும் பெரிதாக்க செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே சைஸ்' என்று தேடு. ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் கடை உண்டு, ஆயாவையும் கூட்டிக்கொண்டு வா.